தேரில் ஏறி அருகில் அமர்ந்தவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். வாசகம்: திருத்தூதர் பணிகள் 8:26-40)

 

பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தக் கோடை நாள்களில் நம் ஊர்த் தெருக்களில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறோம். வெள்ளைப் பலகையில் சிவப்பாக ‘எல்’ என்று எழுதி ஒட்டிய கார் ஒன்று முச்சந்தியில் நிற்கும். மெல்லப் புறப்படும். இரண்டு குலுங்கு குலுங்கும். ஆஃப் ஆகிவிடும். பின்னால் பேருந்து விடாமல் ஹாரன் அடிக்கும். பைக்கில் வருபவர் சுற்றி வந்து உள்ளே முறைத்துவிட்டுப் போவார். ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு உள்ளங்கை வியர்த்துப் போகும்.

கார் ஓட்டப் பழகுவதெல்லாம் மறையுரையில் பேச வேண்டிய செய்தியா என்று சிலருக்குத் தோன்றலாம். புது வண்டி வாங்கிய குடும்பங்கள், “சாமி, வண்டியை மந்திரிச்சுக் கொடுங்க” என்று கேட்டுக் கோயில் வாசலுக்கு வருகின்றன. அருள்பணியாளர்களாகிய நாங்களும் தீர்த்தம் தெளித்து, செபித்து அனுப்புகிறோம். கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது. வண்டிக்கு ஆசி வழங்கும் திருச்சபைக்கு, அதை ஓட்டும் கையைப் பற்றியும் காலைப் பற்றியும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகுமா?

பாஸ்கா காலத்தின் மூன்றாம் வாரத்தில், வியாழக்கிழமைத் திருப்பலியில், ஒரு வண்டியைப் பற்றிய வாசகத்தைத்தான் கேட்கிறோம். எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாலைநிலப் பாதை. எத்தியோப்பிய அரசியின் கருவூலம் முழுவதையும் காத்துவந்த ஓர் உயர் அலுவலர் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு அங்கே அனுப்பப்படுகிறார். இவர் பன்னிரு திருத்தூதருள் ஒருவரான பிலிப்பு அல்லர். பந்தியில் பணிவிடை செய்யத் தேர்ந்துகொள்ளப்பட்ட எழுவரில் ஒருவர். அவர் தேரோடு சேர்ந்து ஓடுகிறார். வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். யாராவது வழிகாட்டாமல் எப்படிப் புரியும் என்கிறார் அந்தப் பெரிய மனிதர். ஏறி வந்து தம்மோடு அமரும்படி பிலிப்பை வேண்டுகிறார்.

நாட்டின் செல்வத்தையே கணக்குப் பார்ப்பவர், எனக்குத் தெரியவில்லை, அருகில் வந்து உட்காருங்கள் என்று கேட்கிறார். கற்றல் இந்தப் பணிவில்தான் தொடங்குகிறது. இந்த வாசகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று மூன்று பேரிடம் பேசுவோம்: ஓட்டப் பழகும் இளையோரிடம், பழக்குபவர்களிடம், சாவியைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரிடம்.

முதலாவது, ஓட்டப் பழகும் இளையோரே!

கியர் வண்டியில் எல்லாரையும் முதலில் திணறவைப்பது கிளட்ச். அதன் வேலை என்ன? எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் நின்றுகொண்டிருக்கிறது. ஓடுவதையும் நிற்பதையும் பட்டென்று சேர்த்தால், ஒன்று வண்டி துள்ளும். இல்லாவிட்டால் எஞ்சின் அணைந்துபோகும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். இடது கால் மிதியை அழுத்தினால் அந்தத் தட்டு எஞ்சினை விட்டு விலகும். மிதியை விட்டால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக விட்டுக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் சற்றுத் தாழும், வண்டி லேசாக அதிரும். அந்த இடத்தில் கால் கொஞ்சம் பொறுத்து நிற்க வேண்டும். பிறகு வலது கால் மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்த, இடது கால் மெல்ல விலக, வண்டி அலுங்காமல் நகரும்.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எந்தப் புத்தகத்தைப் படித்தும் தெரிந்துகொள்ள முடியாது. வண்டிக்கு வண்டி அது மாறும். பழகப் பழகக் கால்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை வண்டி பத்து முறை ஆஃப் ஆகும். இருபது முறையும் ஆகலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்று உங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பவரும் ஒரு நாள் நடுரோட்டில் வண்டியை ஆஃப் செய்துவிட்டு விழித்தவர்தான்.

ஆஃப் ஆனபின் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். பதறாமல் பிரேக்கை மிதிக்க வேண்டும். கிளட்சை முழுவதும் அழுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் ஸ்டார்ட் செய்து, முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் நிற்பவருக்குப் பயந்து எந்தக் கியரில் இருக்கிறோம் என்று பாராமல் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதுதான் முன்னால் நடந்துபோகும் பாட்டிக்கு ஆபத்து வருகிறது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இந்த முச்சந்திக்கும் பொருந்தும்.

ஆன்மிக வாழ்விலும் இதே ஒழுங்குதான். விழுந்துவிட்ட ஒருவர் ஒப்புரவு அருள்சாதனம் பெற்று எழுந்த மறுநாளே புனிதராகிவிட நினைக்கிறார். முடியாதபோது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். நின்ற வண்டியை நான்காம் கியரில் எடுக்க முடியாது. முதல் கியர் மெதுவானது. ஆனால் நின்றதை நகர்த்தும் வலிமை அதற்குத்தான் உண்டு. காலைச் செபம், ஞாயிறு திருப்பலி, வீட்டில் ஒரு மன்னிப்பு என்று சிறியவற்றில் தொடங்குவோம்.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தினால் கிளட்சின்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம் என்ற பாதுகாப்பு உணர்வு அது. தட்டு முழுதாக ஒட்டவும் இல்லாமல், முழுதாக விலகவும் இல்லாமல் உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வரும். சில மாதங்களில் தட்டு தேய்ந்து, மேட்டில் வண்டி ஏற மறுக்கும். நட்பிலும் படிப்பிலும் அழைத்தலிலும் இப்படிப் பாதிக் கிளட்சில் வாழும் இளையோர் நம்மிடையே உண்டு. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. புறப்படும் நேரத்தில் அந்தப் பாதிநிலை தேவைதான். புறப்பட்டபின் காலை எடுத்துத் தரையில் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

“இனி எல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டிதானே வருகிறது, சாமி? கிளட்சை ஏன் கற்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கியரை வண்டி மாற்றிக்கொண்டாலும், எங்கே வேகத்தைக் குறைப்பது, யாருக்கு வழி விடுவது என்பதை ஓட்டுபவரின் மனச்சான்றுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு இன்றுவரை ஆட்டோமேட்டிக் வரவில்லை.

இரண்டாவது, பழக்குபவர்களே!

பிலிப்பு செய்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தேரை நிறுத்தச் சொல்லவில்லை. தேரின் வேகத்துக்குத் தாம் ஓடினார். கடிந்துகொள்ளவில்லை; கேள்வி கேட்டார். தாமாக ஏறவில்லை, அழைத்தபின் ஏறினார். அந்த மனிதர் வாசித்துக்கொண்டிருந்த அதே பகுதியிலிருந்து விளக்கத் தொடங்கினார். வழியில் தண்ணீரைக் கண்டு திருமுழுக்குப் பெற விரும்பியவர் அந்த அலுவலர்தான். திருமுழுக்கு முடிந்ததும் ஆவியார் பிலிப்பைக் கொண்டுபோய்விட்டார். அலுவலர் தனியாகப் பயணத்தைத் தொடர்ந்தார். அழுதுகொண்டு அல்ல, மகிழ்ச்சியோடு. நல்ல ஆசிரியர் இறங்கிப் போனபின் மாணவர் மகிழ்ச்சியோடு வழியைத் தொடர்வார்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தந்தை மகனுக்கு ஓட்டக் கற்றுத்தருகிறார். முதல் பத்து நிமிடம் அமைதி. வண்டி இரண்டாம் முறை ஆஃப் ஆனதும், “இதுகூடத் தெரியல, நீயெல்லாம் என்ன படிச்சே?” என்று தொடங்கும். மகளாக இருந்தால், “உனக்கெதுக்கு இதெல்லாம்?” என்ற சொல்லும் சேர்ந்துவரும். மனைவி பழக விரும்பினால் சொல்லவே வேண்டாம்; கேலியிலேயே அந்த ஆசை முடிந்துபோகும். காது சூடாகும்போது காலுக்கு நிதானம் இருக்காது. திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டுபவர் சாலையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார்.

பேதுரு கடல்மீது நடக்கப் பழகியதை நினைத்துப் பாருங்கள். காற்றைக் கண்டு அஞ்சினார், மூழ்கத் தொடங்கினார். ஆண்டவர் முதலில் என்ன செய்தார்? உடனே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். ஏன் ஐயம் கொண்டாய் என்ற கேள்வி அதன்பிறகுதான் வந்தது. முதலில் கை, பிறகு சொல். பிள்ளைக்கு எதைக் கற்றுத்தந்தாலும் இந்த வரிசையை நாம் மாற்றக்கூடாது.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் கார்களைக் கவனித்திருப்பீர்கள். பயிற்றுநர் அமரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஒரு கிளட்ச் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் அவர் நிறுத்திவிடலாம். ஆனால் அவர் பக்கம் ஸ்டீரிங் இல்லை. அது கற்பவர் கையில்தான். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், அருள்பணியாளர்களாகிய எங்களுக்கும் இது நல்ல பாடம். ஆபத்தில் நிறுத்தும் பொறுப்பு நமக்கு உண்டு. பிள்ளையின் வாழ்க்கையை அவருக்காக நாமே திருப்பிவிடும் உரிமை நமக்கு இல்லை. கடவுளே நம்மை அப்படித்தான் நடத்துகிறார். மனித சுதந்திரம் என்று திருச்சபை கற்பிப்பது இதைத்தான்.

மூன்றாவது, சாவியை வைத்திருக்கும் பெற்றோரே!

இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லறைத் திருநாளில் நம் கல்லறைத் தோட்டங்களைச் சுற்றி வரும்போது, சில கல்லறைகளில் பதிக்கப்பட்ட படங்களுக்கு முன் கால் தயங்குகிறது. மீசை அரும்பிய முகம். பள்ளிச் சீருடையில் எடுத்த படம். பிறந்த ஆண்டுக்கும் இறந்த ஆண்டுக்கும் இடையே எண்ணினால் இருபதுகூட வருவதில்லை. நோயில் போனவர்களைவிடச் சாலையில் போனவர்களின் தாய்மார் அங்கே அதிக நேரம் நின்றுகொண்டிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கார் ஓட்டுவதற்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். 16 வயதில் கிடைப்பது, பெற்றோரின் ஒப்புதலோடு, 50 சிசி வரையிலான கியர் இல்லாத சிறு வண்டிக்கான உரிமம் மட்டுமே. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழியாமல் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போக முடியாது. பழகும் காலத்தில், உரிமம் பெற்ற ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். பிலிப்பு செய்ததையே சட்டமும் கேட்கிறது: அருகில் அமருங்கள்! 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பேற்க வேண்டும். 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயதுவரை உரிமம் பெற முடியாது.

தண்டனைக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. “எங்க பையன் ஒன்பதாவதுலயே காரை எடுப்பான்” என்று திருமண வீட்டில் பெருமை பேசும்போது, அந்தப் பெருமைக்கு யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். “எட்டு போட வேண்டாம், ஆளைப் பிடித்தால் லைசென்ஸ் வீட்டுக்கே வரும்” என்று குறுக்கு வழி தேடுவதும் அப்படித்தான். அட்டை பையில் இருக்கும். பழக்கம் காலில் இருக்காது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பிள்ளையின் காலை நாமே ஆழத்தில் விடலாமா?

கோடை விடுமுறையில் மலைக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்; கொல்லிமலைக்கு 70. புதிதாக உரிமம் பெற்ற பிள்ளையின் கையில் அங்கே ஸ்டீரிங்கைக் கொடுக்காதீர்கள். மலைப்பாதை ஓட்டுநர்களிடம் ஒரு பழைய பாடம் உண்டு: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இறங்கும்போது வண்டி தானாகவே ஓடுகிறது. பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விட்டால், எஞ்சினின் பிடி போய்விடும். எல்லாப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறி, வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குறுகிய இடத்தில், ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பதும் சாலை விதி. நம் வாழ்விலும் ஏற்றத்தில் செபித்துப் பாடுபட்டுக் கற்ற ஒழுக்கத்தை, வசதி வந்து எல்லாம் தானாக ஓடும் நாளில்தான் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறோம்.

நற்செய்தியிலும் ஓர் இறக்கச் சாலை உண்டு. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறது. அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் விலகிப்போன குருவும் அந்த இறக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தார். இறக்கத்தில் வேகம் எளிது, நிற்பதுதான் கடினம். சமாரியர் நின்றார். நம் நாட்டின் சட்டமும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த நல்ல சமாரியரின் பெயரையே எடுத்துக்கொண்டு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. காவல் நிலையத்துக்கு அலைய வேண்டுமே என்று அஞ்சி இனி யாரும் கடந்துபோக வேண்டியதில்லை.

2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம், புலம்பெயர்ந்தோர் மேய்ப்புப்பணிக்கான திருப்பீட அவை, சாலை மேய்ப்புப்பணிக்கென்று ஓர் ஏட்டை வெளியிட்டது. ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள் அதில் உள்ளன. முதலாவது, பத்துக் கட்டளைகளில் நாம் அறிந்த ஐந்தாவதேதான்: உயிரைப் பறிக்காதிருத்தல். வண்டியை அதிகாரத்தின் அடையாளமாக ஆக்கக்கூடாது என்கிறது ஒன்று. ஓட்டத் தகுதியான நிலையில் இல்லாத இளையோரையும் மற்றவரையும் அன்போடு எடுத்துச்சொல்லித் தடுக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. விபத்தில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்றும், தவறு செய்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும் உரிய நேரத்தில் சந்திக்கவைத்து மன்னிப்பின் விடுதலையை அவர்கள் உணரச் செய்ய வேண்டும் என்றும் அது கேட்கிறது.

இந்தக் கடைசிக் கட்டளைகளுக்காகவே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சில வீடுகளை நினைக்கிறோம். பிள்ளையைச் சாலையில் பறிகொடுத்த வீடுகள். அங்கே தந்தை ஒருவர் மூலையில் அமர்ந்து, சாவியைக் கொடுத்தவன் நான்தானே என்று தம்மைத் தாமே தீர்ப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அன்புத் தந்தையே, மேலே சொன்னவை உங்களைக் குத்துவதற்காகச் சொன்னவை அல்ல. உங்களைத் தீர்ப்பிடும் இடத்தில் நம்மில் யாரும் இல்லை. உங்கள் மகன் இப்போது இரக்கமுள்ள ஆண்டவரின் கைகளில் இருக்கிறான். மூழ்குபவரை முதலில் கைநீட்டிப் பிடிக்கும் ஆண்டவர் உங்களையும் பிடித்துக்கொள்வார். அன்பியக் குடும்பங்களே, அந்த வீட்டில் போய் “ஏன் கொடுத்தீர்கள்?” என்று கேட்காதீர்கள். அருகில் அமருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

இந்த வாரம் மூன்று செயல்களை மேற்கொள்வோம். ஒன்று, ‘எல்’ பலகை ஒட்டிய வண்டி முன்னால் நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருப்போம். இரண்டு, ஓட்டப் பழகும் பிள்ளையின் அருகில் அரை மணி நேரமாவது கோபமின்றி அமர்வோம். மூன்று, வயதும் பழக்கமும் வராத கைக்குச் சாவியை மறுப்போம். ஏன் மறுக்கிறோம் என்பதை அன்போடு விளக்குவோம். மறுப்பதும் அன்புதான் என்று பிள்ளை பின்னொரு நாள் புரிந்துகொள்வான்.

செபிப்போமாக.

வழியும் உண்மையும் வாழ்வுமான ஆண்டவரே, புதிதாகச் சாலைக்கு வரும் எம் பிள்ளைகளின் கைகளுக்கு நிதானத்தையும் கண்களுக்குக் கவனத்தையும் தாரும். கற்றுத்தருவோருக்குப் பொறுமையைத் தாரும். பெற்றோருக்கு, கொடுக்கும் நேரத்தையும் மறுக்கும் நேரத்தையும் அறியும் ஞானத்தைத் தாரும். சாலையில் உயிரிழந்தோருக்கு உமது இளைப்பாற்றியையும், அவர்களை இழந்தோருக்கு உமது ஆறுதலையும் அருளும். எத்தியோப்பியரின் தேரில் உம் அடியார் பிலிப்பு அமர்ந்ததுபோல், எங்கள் பயணங்களில் நீரே எம் அருகில் அமர்ந்தருளும். ஆமென்.